கரண்ட் போனாலும் படிப்பு நிற்கக் கூடாது
(மாணவர்களுக்கு மடிக்கணினி இரவல் வழங்கிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





முதலில் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஒரு மாணவிக்குப் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்தோம். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். திண்டுக்கல்லில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பாதி விண்ணப்பம் நிரப்புவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாலையில் கரண்ட் வந்தபின் அழுதுகொண்டே முதலிலிருந்து நிரப்பினாள். அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்குள் முடிந்தது. பொருளைக் கொடுத்த நாங்கள், பயன்படுத்தும் முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே கடும் மின்வெட்டு. கையில் கணினி இருந்தும் சார்ஜ் ஏற்ற வழியில்லாமல் பிள்ளைகள் தவித்ததை நாம் மறக்கவில்லை. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் இரவல் கணினிகளின் பேட்டரிகள் வயதானவை. இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

பேட்டரியை அதிகம் தின்பவற்றில் முதலிடம் திரைக்கு. வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்து 'பேட்டரி சேவர்'. விண்டோஸ் 10-இல் சார்ஜ் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது தானாக இயங்கி, திரையை மங்கலாக்கி, பின்னணியில் ஓடும் வேலைகளைக் கட்டுப்படுத்தும். அதுவரை காத்திருக்க வேண்டாம். கரண்ட் போனவுடன் நீங்களே போட்டுவிடுங்கள்.

'ஸ்லீப்', 'ஹைபர்னேட்' இரண்டும் ஒன்றல்ல. ஸ்லீப்பில் நீங்கள் செய்த வேலை நினைவகத்தில் இருக்கும். அதைக் காக்கக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். தொழுதுவிட்டு வரும் நேரத்துக்கு அது போதும். ஹைபர்னேட்டில் வேலை முழுவதும் வன்தட்டில் எழுதப்பட்டுக் கணினி அணைந்துவிடும். மின்செலவு ஏறக்குறைய இல்லை. இரவு முழுக்க மூடி வைப்பதானால் இதுவே சரி. சில கணினிகளில் இது மெனுவில் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஒருமுறை அமைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையில் வைத்தாலும், எழுதியதை முதலில் சேமித்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. மெத்தை, தலையணை மேல் வைத்தால் காற்றுப் போகும் துளைகள் அடைபடும். பலகை மேல் வையுங்கள். தகரக் கூரையின் கீழ் உச்சி வெயில் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அன்றாடம் அதையே வையுங்கள். மின்தடை அறிவிப்பு வந்தால் மட்டும், முதல்நாள் இரவே முழுமையாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை படித்து முடித்ததும் மூடி வைத்தானா என்று ஒரு பார்வை பாருங்கள். இந்தக் கணினி உங்களிடம் இருக்கும் அமானிதம். அடுத்த ஆண்டு இன்னொரு ஏழைப் பிள்ளை இதற்காகக் காத்திருக்கும். வீண்விரயம் கூடாது என்று நாம் கற்ற பாடம் தண்ணீருக்கும் சோற்றுக்கும் மட்டுமல்ல, பேட்டரிக்கும் பொருந்தும்.

உங்கள் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.