ஆடுபுலி ஆட்டமும் எந்திர அறிவும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டி வைகை அணையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடிய அவையில் கணிப்பொறி விளையாட்டைப் பற்றி ஓர் உரையா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், எந்திரம் கவிதை எழுதுமா என்னும் வினா இன்று ஒவ்வொரு கவிஞரின் வாசலிலும் வந்து நிற்கிறது. அவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், எந்திரம் முதலில் எதைக் கற்றது என்று அறிதல் வேண்டும். எந்திரம் கவிதை கற்கப் புகுவதற்கு நெடுங்காலம் முன்பே விளையாடக் கற்றது. ஆகவே ஆட்டத்திலிருந்து தொடங்குவதே முறையாகும்.

தமிழகத்துக் கோயில் மண்டபங்களின் தரையிலும், ஊர்ப் பொதுவிடத்துக் கற்பாறைகளிலும் முக்கோண வடிவில் கோடுகள் கீறப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அவை ஆடுபுலி ஆட்டத்தின் களங்கள். வழக்கில் உள்ள ஒரு வகையில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். புலி, ஆட்டின் மேல் தாவி மறுபுறத்து வெற்றிடத்தில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். புலிகள் மூன்றும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. வலிமை ஒருபுறம், எண்ணிக்கை மறுபுறம் என இரு பக்கமும் வேறு வேறு இயல்புடையதாக அமைந்திருப்பதே இவ்வாட்டத்தின் அழகு.

இதனைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முனையும் ஆர்வலர் ஒருவர் முதலில் சந்திக்கும் இடர் கணக்கு அன்று, மொழியே. ஊருக்கு ஊர் விதிகளில் சிறு மாறுபாடுகள் உண்டு. திண்ணையில் ஆடுவோர் அவற்றைச் சொல்லாமலே அறிவர். எந்திரமோ சொல்லாத எதையும் அறியாது. ஆகவே, பாட்டனார் கையசைவால் உணர்த்திய விதியை எல்லாம் ஐயத்திற்கு இடமின்றி எழுத்தில் வடித்தாக வேண்டும். செய்நிரல் எழுதுதலின் முதற்படி, வழக்கை இலக்கணமாக்குவதுதான்.

அடுத்து வருவது கணக்கு. 23 புள்ளிகளில் 3 புலிகள் அமரும் வகைகள் 1,771. எஞ்சிய 20 புள்ளிகளில் 15 ஆடுகளும் நிற்கும் வகைகள் 15,504. இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 74 லட்சத்திற்கு மேல் வரும். வெட்டுப்பட்டும், இன்னும் இறங்காமலும் ஆடுகள் குறைந்திருக்கும் நிலைகளையும் சேர்த்துக்கொண்டால் 184 கோடியைக் கடக்கும். மனிதருக்கு இது மலைப்பூட்டும் எண். இன்றைய வீட்டுக் கணிப்பொறிக்கோ எட்டாத எண் அன்று.

எந்திரம் இத்தனை நிலைகளுள் எவ்வாறு வழி காண்கிறது? 'இங்கு வைத்தால் எதிரி என்ன செய்வான், அதற்கு மறுமொழி என்ன' என்று திண்ணையில் அமர்ந்தவர் எண்ணுவதையே அதுவும் எண்ணுகிறது. எதிரி தனக்கு மிகவும் நன்மை தரும் நகர்த்தலையே தேர்வான் எனக் கொண்டு, அதன் பின்னும் தனக்கு எது மேலோ அதனைத் தெரிந்தெடுக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலிலிருந்தும் பல கிளைகள், அவற்றிலிருந்து மேலும் கிளைகள் என அது ஒரு மரமாக விரிகிறது.

அம்மரத்தின் எல்லாக் கிளைகளையும் ஆராயப் புகுந்தால் காலம் போதாது. இங்கேதான் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை உழவருக்குத் தெரிந்த ஒரு கலை எந்திரத்திற்கும் வேண்டியதாகிறது, அதுவே கவாத்து. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் கொடி, பந்தலில் படர்ந்தபடியே விடப்பட்டால் நல்ல காய்ப்பைத் தாராது. வேண்டாத கிளையை உரிய காலத்தில் வெட்டியாக வேண்டும். எந்திரமும் அவ்வாறே. ஓர் ஆட்டைக் காப்பான இடத்தில் வைக்க வழி உண்டு என முன்பே கண்டிருக்கிறது என்க. வேறோர் இடத்தில் வைத்தால் புலி உடனே பாயும் என்பது ஒரே மறுமொழியில் தெரிந்துவிட்டால், அவ்விடத்திற்குரிய பிற மறுமொழிகளை ஆராய்வது வீண். அக்கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். முடிவு சிறிதும் மாறாது. உழைப்போ பெரிதும் குறையும். கணிப்பொறி அறிஞர்களும் இம்முறைக்குக் கிளை வெட்டுதல் என்னும் பொருளிலேயே பெயரிட்டுள்ளனர்.

இக்கலையின் வரலாறு எந்திரத்திற்கும் முந்தியது. ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் சதுரங்கம் ஆடும் விதிமுறையைத் தாளில் எழுதினார். அதனை இயக்கத்தக்க கணிப்பொறி வாய்க்காமையால், 1952இல் தாமே எந்திரமாக அமர்ந்து, ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் கணக்கிட்டு ஆடினார். அந்த ஆட்டத்தில் தாளில் இருந்த எந்திரம் தோற்றது. 45 ஆண்டுகள் கழிந்து, 1997 மே 11 அன்று, நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் டீப் புளூ என்னும் எந்திரம் உலக வாகையர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்னும் கணக்கில் வென்றது. 2002இல், நம் பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவான அவாரி ஆட்டத்தின் ஏறத்தாழ 88,900 கோடி நிலைகளையும் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த அறிஞர் இருவர் கணிப்பொறியால் தீர்த்தனர். இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் அவ்வாட்டம் சமனில் முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

எனினும், வெல்வது மட்டுமே ஆட்டத்தின் நோக்கம் அன்று. பேரனோடு தாயம் உருட்டும் தாத்தா எப்போதும் வென்றுகொண்டே இருந்தால் பேரன் மறுநாள் விளையாட வாரான். கணிப்பொறி விளையாட்டுகளைப் படைப்போர் இதனை நன்கு உணர்ந்தவர். 1980இல் ஜப்பானில் தோரு இவாத்தானி உருவாக்கிய பேக்-மேன் விளையாட்டில் நான்கு பேய்கள் உண்டு. சிவப்புப் பேய் பின்னாலேயே துரத்தும். இளஞ்சிவப்புப் பேயோ முன்னே சென்று மறிக்கப் பார்க்கும். துரத்தல், விலகிச் செல்லல், அஞ்சி ஓடல் என்று சில நிலைகளும், நிலை மாறுவதற்குச் சில விதிகளுமே அவற்றுக்கு உள்ளன. ஆயினும் ஆடுவோர்க்கு அவை நான்கும் நான்கு குணமுடையனவாகத் தோன்றும். குணம் பேயிடத்து இல்லை. காண்போர் உள்ளத்தில் பிறக்கிறது.

இதற்கு நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டியதில்லை. 1959இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பெற்ற இந்த வைகை அணையே சான்று. இதன் நீர்த்தேக்க உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்கள் அந்த எண்களை நம்பியே வீட்டில் உறங்குகின்றனர். நிலை, விதி, நிலைமாற்றம் என்னும் இதே அமைப்புத்தான் விளையாட்டுப் பேய்க்கும் உள்ளது. ஆனால் அணை சிந்திக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. சிந்தித்தவர்கள் விதியை வகுத்த பொறியாளர்கள். எந்திர அறிவு எனப்படுவதன் பெரும்பகுதி, முன்னரே சிந்தித்த மனிதரின் அறிவு உறைந்து நிற்பதே ஆகும்.

இனி இணையத்திற்கு வருவோம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று. அதே ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு ஒன்றில் தமிழும் இடம்பெற்றது. அதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். தமிழ் எழுத்து இணையத்தில் கால்வைத்த தொடக்க நாள்களிலேயே கவிதையின் கைபிடித்துச் சென்றது என்பது கவிஞர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதலே முரசு மென்பொருளை வளர்த்து வந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கி அளித்தார். 1998 பொங்கல் நாளில் அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். மாலையில் வீடு திரும்பியபின் கிடைத்த ஓய்வு நேரத்தில் தமிழுக்கு இணையத்தில் இடம் பிடித்தவர்கள் இவ்வார்வலர்கள்.

அன்று எழுத்துருக்கு எழுத்துரு குறியீடு வேறாக இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தோன்றின. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டிற்கும் ஒழுங்கு காண முயன்றது. பின்னர் ஒருங்குறி பரவியபோது அந்த இடர் பெரும்பாலும் தீர்ந்தது. சங்கப் பாடலைத் தொலைபேசியிலேயே தேடிப் படிக்கும் வசதி இன்று பள்ளி மாணவருக்கும் உண்டெனில், அதற்குப் பின்னே பல்லாயிரம் மணி நேரத்து ஆர்வலர் உழைப்பு உள்ளது.

ஆட்டமும் இணையமும் எவ்விடத்தில் சந்திக்கின்றன? 2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்னும் எந்திரம், கோ ஆட்டத்தில் கொரிய வல்லுநர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என வென்றது. அது முதலில் கற்றது, இணையத்தில் மனிதர்கள் ஆடிய ஏறத்தாழ 1,60,000 ஆட்டங்களின் பதிவுகளிலிருந்து. மறு ஆண்டே அதன் பின்தோன்றல் ஒன்று, மனிதரின் ஆட்டம் எதையும் காணாமல், விதிகளை மட்டும் பெற்று, தன்னோடு தானே 49 லட்சம் ஆட்டங்கள் ஆடிக் கற்றது. லீ செடோலை வென்ற முன்னதை நூற்றுக்கு நூறு என வென்றது.

கவிஞர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. எந்திரம் தன்னோடு தானே ஆடிக் கற்க முடிந்தது எதனால்? ஆட்டத்தின் முடிவில் வென்றவர் யார் என்று விதியே சொல்லிவிடுகிறது; தீர்ப்புக்கு மனிதர் வேண்டியதில்லை. கவிதைக்கு அத்தகைய விதி உண்டா? தளை தட்டுகிறதா என்பதை விதி சொல்லும். எதுகையும் மோனையும் அமைந்தனவா என்பதையும் சொல்லும். அவையெல்லாம் அமைந்த பின்னும் ஒரு வெண்பா உயிரற்றுக் கிடக்கலாம் என்பதை இந்த அவையில் எவரும் மறுக்கமாட்டார். உயிருண்டா இல்லையா என்று சொல்ல ஒரு நெஞ்சம் வேண்டும். ஆகவே, கவிதையில் எந்திரம் தன்னோடு தானே கோடி முறை ஆடினும் தனியே தேறிவிட இயலாது. மீண்டும் மீண்டும் மனிதர் எழுதியதை நோக்கியே அது வந்தாக வேண்டும்.

எனவே, எந்திரம் கவிஞரை வெல்லுமா என்பதைக் காட்டிலும், எந்திரம் எந்தத் தமிழைக் கற்கிறது என்பதே பெரிய வினா. இணையத்தில் மிகுதியாக இருக்கும் தமிழையே அது மிகுதியாகக் கற்கும். சுருளியாற்றங்கரையில் மடை திருப்புவோரின் சொல், ஆண்டிப்பட்டி மானாவாரி நிலத்தின் சொல், திராட்சைப் பந்தலின் சொல், ஆடுபுலிக் களத்தருகே பிறந்த சொலவடை ஆகியவை எங்கும் எழுதப்படாமல் இருப்பின், எந்திரத்தைப் பொறுத்தவரை அவை இல்லாதவையே. சொல்லாத விதியை அறியாத எந்திரம், எழுதாத சொல்லையும் அறியாது. நாளை அதனிடம் வினவிக் கற்கும் குழந்தைக்கும் அச்சொற்கள் கிட்டா. இழப்பு எந்திரத்திற்கு அன்று, அந்தக் குழந்தைக்கு.

இவ்வாறு கூறுவது எந்திரத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடும்படி சொல்வது ஆகாது. 2024 டிசம்பரில், 18 வயதில் உலகச் சதுரங்க வாகை சூடிய சென்னை இளைஞர் குகேஷ், பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் ஆசான் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டலில் கணிப்பொறியின் துணையைப் பெரிதும் விலக்கியே பயின்றார். தன் கணிப்பு வலுப்பெற்ற பின்னரே எந்திரத்தைத் துணைக்கழைத்தார். இளங்கவிஞர்களுக்கும் இது பொருந்தும். சொல்லைத் தேடித் தவிக்கும் தவிப்பை முதலிலேயே எந்திரத்திடம் கொடுத்துவிடுபவருக்குப் பின்னர் எந்திரம் தரும் சொல் நல்லதா தீயதா என்று அறியும் செவி வாய்க்காது.

இலக்கிய வட்டத்தின் முன் இரண்டு பணிகள் உள்ளன. ஒன்று, பத்தாண்டுகளாக இங்கு அரங்கேறிய கவிதைகளையும் கட்டுரைகளையும், எழுதியோரின் இசைவு பெற்று, அவர்தம் பெயரோடு, ஒருங்குறியில் இணையத்தில் ஏற்றுதல். படமாக எடுத்துப் போட்டால் போதாது. எழுத்தாகவே ஏற்றுதல் வேண்டும். மற்றொன்று, இப்பள்ளத்தாக்கின் தொழிற்சொற்களையும் ஆட்ட விதிகளையும், ஊர்ப்பெயரும் பொருளும் குறித்துத் தொகுத்தல். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மதுரைத் திட்டத்தில் உழைத்தோர் செய்ததைப் போல், உறுப்பினர் ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஆடுபுலி ஆட்டத்தில் ஒற்றை ஆடு புலியிடம் தப்புவது அரிது. பின்புறத்து வெற்றிடத்தை மற்றோர் ஆடு நிரப்பி நின்றால் புலியால் தாவ இயலாது. எழுதியவர் பின்னே தொகுப்பவரும், தொகுப்பவர் பின்னே படிப்பவரும் அணிவகுத்து நின்றால் வட்டாரத் தமிழும் வெட்டுப்படாது. அந்த அணியில் முதல் ஆடாக இந்த வட்டம் இறங்கட்டும் என வாழ்த்தி இவ்வுரை நிறைவு பெறுகிறது.