சாமி குற்றம் ஆகாது
(கிளிநொச்சி வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேற்றிரவு ஹட்டனில் பஸ் ஏறினோம். விடியற்காலை முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, ஆளுக்கொரு கச்சான் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். சங்கக்காரர்களுக்கு என்ன சாமி என்று சிலர் சிரிப்பீர்கள். இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான் என்பதால் ஒளிக்கவில்லை.

கஷ்டத்தையும் நம்பிக்கையையும் பற்றிப் புதியவர்கள் எழுதுவதை விமர்சனம் செய்யச் சொல்லியிருந்தீர்கள். நம் ஊர்களில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று தெரியும்தானே? முதற்பிரதி ஒரு முதலாளிக்கு, சிறப்புப் பிரதி பத்துப் பேருக்கு, பிறகு மூன்று மணி நேரப் புகழ்ச்சி. பேசுபவர்களில் பாதிப் பேர் அட்டையை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். கஷ்டப்பட்டவர் எழுதியது என்றால் புகழ்ச்சி இன்னும் கூடும். "பாவம், எவ்வளவு பட்டிருக்கிறார்" என்பது விமர்சனம் இல்லை. கொழுந்தை நிறுக்காமல் முகத்தைப் பார்த்துப் பெயர் போடுகிற வேலை அது. நிறுத்துப் பார்ப்பதுதான் எழுதியவருக்கு மரியாதை.

வன்னி மண்ணிலிருந்து வந்த இரண்டு நூல்களை எங்கள் ஆசிரியர் குழுவில் வாசித்தோம். ஒன்று, தமிழ்க்கவி எழுதிய 'ஊழிக்காலம்'. அவர் இங்கே உங்களுக்கெல்லாம் முன்பே தெரிந்தவர்; வெளியில் இருக்கும் பல வாசகருக்கு இந்த நாவலோடுதான் அறிமுகம். கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன சனத்தின் கதை. அதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது குண்டுச் சத்தம் இல்லை. உலை வைக்கிற கவலை, பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்கிற கவலை. குடும்பத்தைக் கட்டி இழுக்கும் பெண்ணுக்கு அழக்கூட நேரம் கிடைப்பதில்லை. லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

மற்றது, பரந்தனில் பிறந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் அவர் இறந்தார். நூல் 2016இல் வெளிவந்தது. தான் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த இயக்கத்தையே திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்கிற புத்தகம். அதை அவர்தான் எழுதினாரா என்றுகூடச் சண்டை பிடித்தார்கள். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அவர் சொல்வது எல்லாமே சரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் குழுவிலேயே அதில் இரண்டு கட்சி. ஆனால் நம்பியதைக் கேள்வி கேட்பதற்கு, நம்புவதை விடக் கூடுதல் தைரியம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான்.

மலையகத்திலிருந்து வந்தவர்களின் கதையை இந்த இரண்டு நூல்களிடமும் கேட்பது நியாயமில்லை. அவை எடுத்துக்கொண்ட வேலை வேறு. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டத்தை விட்டு வந்தவர்கள், 1977 கலவரத்தில் துரத்தப்பட்டு வந்தவர்கள், வவுனியாவில் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் காந்தியம் மூலம் குடியேற்றியவர்கள் எல்லாம் உங்கள் அப்பா, அம்மாதான். 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா தப்பி, பல வருடம் இந்தியாவில் இருந்து, கடைசியில் இந்தக் கிளிநொச்சிக்கே திரும்பி வந்து 2015இல் இறந்தார். காடு வெட்டிய கைகளின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் போதுமான அளவு இல்லை.

போன தடவை வந்தபோது இங்குள்ள மூன்று பெண்கள் எங்களிடம் கொப்பி கொடுத்தார்கள். "டீச்சர், இது புத்தகமாகுமா?" என்று கேட்டார்கள். இன்று நாங்கள் வந்தது முக்கியமாக அதற்குப் பதில் சொல்லத்தான்.

ஒரு கொப்பியில் ஒரு தாய் வருகிறாள். 1977இல் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் ஒரு காசு முடிகிறாள். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடும்போதும் அந்த முடிச்சு இடுப்பில் இருக்கிறது. இதுவரை மிக நன்றாக எழுதியிருக்கிறார். பிறகு ஒரே வரி: அம்மன் எங்களைக் காப்பாற்றினாள். அடுத்த பக்கத்தில் முகாம் வந்துவிடுகிறது.

நாங்கள் கேட்டோம்: "தம்பி வரவில்லை என்று முன்னால் எழுதியிருக்கிறீர்களே, அம்மா அதை என்ன செய்தார்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா இரண்டு வருஷம் விளக்கு வைக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே வைத்தா. ஏன் என்று சொல்லவில்லை."

"அதை ஏன் எழுதவில்லை?"

"எழுதினால் சாமி குற்றம் ஆகாதா, டீச்சர்?"

ஆகாது, தங்கச்சி. அந்த இரண்டு வருஷம்தான் உங்கள் புத்தகம். விளக்கு வைக்காத வெள்ளிக்கிழமைகளை எழுதினால்தான், திரும்பி வைத்த வெள்ளிக்கிழமையை வாசிக்கிறவர் நம்புவார். ஏன் வைத்தா என்று நீங்களாக ஒரு காரணம் கட்டிவிடவும் வேண்டாம். அம்மா சொல்லாததை அப்படியே விடுங்கள்.

மற்ற இரண்டு கொப்பிகளுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறோம். "துன்பக் கடல்", "கண்ணீர்க் காவியம்" என்ற சொற்களையெல்லாம் வெட்டுங்கள். அடுத்தவர் வயலில் ஒரு நாள் புல் பிடுங்கினால் என்ன கூலி தந்தார்கள், மதியச் சாப்பாடு தந்தார்களா, எந்தப் பாத்திரத்தில் தந்தார்கள் என்று எழுதுங்கள். காணிக்கு எத்தனை தடவை அலைந்தீர்கள், உறுதியா பேமிட்டா, இரண்டும் இல்லையா என்று எழுதுங்கள். வழக்குக்கும் அது உதவும், கதைக்கும் உதவும். "தோட்டக்காட்டான்" என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கூப்பிட்டிருந்தால் அதையும் விடாதீர்கள். ஒரே தமிழர்தானே, ஏன் கிளற வேண்டும் என்பார்கள். சொல்லட்டும்.

எழுத்து சங்கத்துக்குப் புதிதில்லை. நடேசய்யர் பேசிய தோட்டக் கூட்டங்களில் மீனாட்சி அம்மையார் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை நம் சனத்தின் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். எங்கள் செய்தித்தாளில் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் இந்தக் கொப்பிகளுக்கு ஒதுக்கச் செயற்குழு சம்மதித்துவிட்டது. பெயர் போடுவதா வேண்டாமா என்பதை எழுதியவர்களே முடிவு செய்யட்டும்.

கொப்பிகளை இப்போது திருப்பித் தருகிறோம். பென்சிலால் மட்டுமே குறித்திருக்கிறோம். பிடிக்காத இடத்தை அழித்துவிடுங்கள். பிறகு சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் தேத்தண்ணி குடிக்கும்போது எங்களிடம் வாருங்கள். பின்னேர பஸ் மட்டும் இங்கேதான் இருப்போம்.