ஏழாவது தோட்டா ஏன் மாட்டிக்கொண்டது?

பழைய கால் ஆஃப் டூட்டி விளையாடினவங்களுக்கு ஒரு சத்தம் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். எட்டு தடவை சுட்டு முடிச்சதும் ‘டிங்’னு ஒரு இரும்புக் கிளிப் மேலே துள்ளி விழும். ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்துலயும் அந்தத் துப்பாக்கிதான். பேரு எம்1 கேரண்ட். இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கக் காலாட்படையோட முக்கியமான ரைஃபிள். செமி ஆட்டோமேட்டிக், அதாவது ஒரு தடவை விசையை இழுத்தா ஒரு குண்டு. அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுற வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கும்.

நான் துப்பாக்கி ஆள் கிடையாது. நிஜமான ரைஃபிளைக் கையில பிடிச்சதுகூட இல்லை. ஆனா இந்தத் துப்பாக்கியோட ஆரம்ப கால வரலாற்றைப் படிச்சப்போ, நம்ம ஆபீஸ்ல நடக்கிற ஒரு சண்டை அப்படியே அங்கேயும் நடந்திருக்கு. ஒரு பொருள் சரியா ஓடலைன்னா மூணு காரணம் இருக்கலாம். டிசைனே தப்பு. டிசைன் சரி, செஞ்ச விதம் தப்பு. ரெண்டும் சரி, உழைச்சு உழைச்சுத் தேஞ்சுபோச்சு. வெளியே இருந்து பார்த்தா மூணுமே ஒரே மாதிரிதான் தெரியும்: ‘ஜாம் ஆயிடுச்சு’. எது எதுன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? இன்னைக்கு எபிசோடு அதுதான்.

முதல்ல அந்த மனுஷரைப் பத்தி. ஜான் கேரண்ட், 1888-ல கனடாவோட கியூபெக் பகுதியில பிறந்தவர். 1919-லிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில வேலை பார்த்தார். அது அரசாங்கத் தொழிற்சாலை. அவர் வெறும் வரைபடம் போடுற ஆள் இல்லை. துப்பாக்கியைச் செய்யுறதுக்கான கருவிகளையும் அவரே யோசிச்சு உருவாக்குவார். 1936-ல ராணுவம் அவரோட ரைஃபிளை ஏத்துக்கிச்சு. மொத்தமா 50 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. அவருக்கு ராயல்டின்னு ஒரு பைசா வரலை. சம்பளம் மட்டும்தான். சரி, அது தனி எபிசோடுக்கான சோகம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், இல்லைன்னா அடுத்து சொல்றது புரியாது. குண்டு பேரல் வழியா ஓடும்போது பின்னாடி வெடிமருந்து வாயு அழுத்திக்கிட்டு வரும். பேரல் முனைகிட்ட அந்த வாயுல கொஞ்சத்தை எடுத்து ஒரு பிஸ்டன் மேல அடிக்க விடுறாங்க. பிஸ்டன் ஒரு நீளமான கம்பியோட நுனியில இருக்கு. கம்பி பின்னாடி போகும், போல்ட்டைத் திருப்பித் திறக்கும், காலி உறை வெளியே தெறிக்கும். அப்புறம் ஸ்பிரிங் கம்பியை முன்னாடி தள்ளும். போற வழியில போல்ட் அடுத்த தோட்டாவை அள்ளிக்கிட்டுப் போய் அறைக்குள்ள வெச்சுப் பூட்டும்.

இப்போ முதல் வகைத் தப்பு, டிசைன். பேரல்ல ஓட்டை போட அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு மனசு வரலை. அதனால கேரண்ட் முதல்ல ஒரு சுத்து வழி எடுத்தார். பேரல் முனைக்கு முன்னாடி ஒரு உறை மாதிரி மாட்டி, முனையைத் தாண்டி வர்ற வாயுவை அதுக்குள்ள பிடிச்சார். முன் குறிமுள்ளும் அந்த உறை மேலயேதான் உட்கார்ந்திருந்தது. உறை கொஞ்சம் ஆடினா குறியும் ஆடும். முன்பக்க அடைப்பு விலகினா போற குண்டே அதுல உரசும். உள்ளே கரியும் படியும். எவ்வளவு நல்லா செஞ்சாலும் இது தீராத பிரச்சினை. கடைசியில 1939-40 வாக்குல பேரலுக்கு அடியில ஒரு சின்ன ஓட்டையே போட்டுட்டாங்க, விஷயம் முடிஞ்சது. பழைய வகைல பெரும்பாலானதைப் பிரிச்சுப் புதுசுக்கு மாத்திட்டதால, மிஞ்சின சிலதுக்கு இன்னைக்கு சேகரிப்பாளர்கள்கிட்ட ஏகப்பட்ட விலை. தோத்துப்போன வெர்ஷனுக்குத்தான் மவுசு அதிகம்!

ரெண்டாவது வகைதான் எனக்குப் பிடிச்சது. துப்பாக்கிகள் தொழிற்சாலையிலிருந்து வரிசையா வெளியே வர ஆரம்பிச்ச பிறகு ஒரு விசித்திரமான புகார். ஆறு தோட்டா நல்லா போகுது. ஏழாவது உள்ளே போகாம எகிறி நின்னு மாட்டிக்குது. ஒவ்வொரு தடவையும் இல்லை. ஆனா மாட்டினா பெரும்பாலும் அந்த ஏழாவதுதான். கேரண்டோட மாதிரிப் பட்டறையில கையால செஞ்ச துப்பாக்கிகள்ல இந்தத் தொல்லையே இல்லை.

கேட்கும்போதே நம்ம வாயில வர்ற வார்த்தை என்ன? ‘என் மெஷின்ல ஓடுதே!’

இங்கே ஒண்ணைக் கவனிங்க. தேய்மானம் எண்ணிக்கை பார்க்காது. தேஞ்ச பாகம் மூணாவதுலயும் மாட்டும், அஞ்சாவதுலயும் மாட்டும். ‘ஏழாவது’ன்னு குறிப்பா ஒரு எண் வந்தாலே, அந்தக் கட்டத்துல மட்டும் மாறுற விஷயம் எதுன்னு தேடணும். கிளிப்புல எட்டு தோட்டாவும் ரெண்டு வரிசையா, ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி நிக்குது. ஆறு போனதும் மிச்சம் ரெண்டுதான். நெருக்கமா பிடிச்சு வெக்கப் பக்கத்துல கூட்டம் இல்லை. அந்த நேரத்துல தோட்டா கோணலா போகாம தடுக்கிறது ரிசீவருக்கு உள்ளே இருக்கிற ஒரு சின்ன மேடு. வழிகாட்டி விளிம்புன்னு வெச்சுக்கலாம். உற்பத்தி வரிசையில அந்த இடத்தைக் கடையும்போது கட்டர் அந்த விளிம்போட ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டிட்டுப் போயிருக்கு. பட்டறைத் துப்பாக்கிகள்ல விளிம்பு முழுசா இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏதோ வேடிக்கையான பக் கிடையாது. 1940-ல மெல்வின் ஜான்சன்னு ஒருத்தர் தன்னோட ரைஃபிள்தான் சிறந்ததுன்னு போட்டிக்கு நிக்கிறார். பத்திரிகைகள்ல கேரண்டைப் பத்திக் கடுமையான விவாதம். மரீன் படை தனியா சோதனை நடத்துது. ஐரோப்பாவுல போர் எரியுது. அந்த நேரத்துல ‘டிசைனே தப்பு’ன்னு முடிவு கட்டியிருந்தா மொத்தத் திட்டமும் கவிழ்ந்திருக்கும். ‘சிப்பாய்க்கு சரியா போடத் தெரியலை’ன்னு விட்டிருந்தா, அந்த ஏழாவது தோட்டாவுக்கு யாரோ ஒருத்தர் உயிரைக் கொடுத்திருப்பார்.

மூணாவது, தேய்மானம். இந்த ரைஃபிள்கள் இன்னும் நிறைய பேர்கிட்ட இருக்கு. அமெரிக்காவுல ராணுவ உபரியை வாங்குறவங்க இதைச் சோதிக்க ஒரு முறையே வெச்சிருக்காங்க. அதுல முதல் பாடம்: பார்வையை நம்பாதே. மேல்பூச்சு போய்ப் பளபளன்னு இருந்தா ‘தேஞ்சுடுச்சு’ன்னு தோணும். ரெண்டு பாகம் உரசுற இடத்துல பளபளப்பு வர்றது இயல்பு. போல்ட்டுல ரெண்டு பூட்டுக் காது இருக்கு. ஒண்ணு மட்டும் பளபளத்து இன்னொண்ணு புதுசு மாதிரி இருந்தாதான் யோசிக்கணும், சுமை முழுக்க ஒரே பக்கம் விழுதுன்னு அர்த்தம்.

வரிசை எண்ணையும் நம்பக் கூடாது. எண் இருக்கிறது ரிசீவர்ல. ராணுவப் பட்டறைகள்ல இதையெல்லாம் பிரிச்சுப் போட்டு மறுபடி கோர்த்திருக்காங்க. 1943 ரிசீவர்ல 1950களோட பேரல் சாதாரணமா இருக்கும். பேரலுக்குத் தனியா தேதி குத்தியிருக்கும், கம்பியைப் பின்னாடி இழுத்தா தெரியும்.

அப்புறம் கேஜ். போல்ட்டோட முகத்துக்கும் அறையில தோட்டாவோட தோள் உட்காருற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ்னு பேரு. அது அதிகமானா உறை நீண்டு கிழியும், வாயு முகத்துப் பக்கம் வரும். இதுக்கு எஃகுல செஞ்ச போலித் தோட்டாக்கள் உண்டு. 1.940 அங்குல கேஜ் வெச்சா போல்ட் மூடணும். 1.950 வெச்சா மூடவே கூடாது, மூடினா துப்பாக்கியை எடுத்து ஓரமா வைக்கணும். ரெண்டுக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர். ரெண்டரை ஏ4 தாள் கனம். கண்ணால பார்த்து ‘நல்லாதான் இருக்கு’ன்னு சொல்றவரைப் பார்த்து சிரிக்கலாம்.

பேரலுக்கு ரெண்டு பக்கமும் அளக்கணும். பின்பக்கம், அறையை ஒட்டின தொண்டைப் பகுதி, சுடச் சுட வாயுவால அரிக்கும். அது சுட்டதோட கணக்கு. முன்பக்க முனை தேயுறதுக்குக் காரணம் சுடுறது இல்லை, துடைக்கிறது! இந்தத் துப்பாக்கியோட பின்பக்கம் அடைச்சிருக்கிறதால, துடைக்கிற கம்பியை முனை வழியாதான் விடணும். இரும்புக் கம்பி, தினமும், ஒழுக்கமான சிப்பாய். முனை வட்டம் போய் முட்டை ஆயிடும். அதனால தொண்டை புதுசா இருந்தும் குறி தப்புற பேரல்கள் இருக்கு. ரொம்ப ஒழுங்கா பராமரிச்சதோட விளைவு.

இன்னொரு அருமையான சிக்கல், ஸ்பிரிங். கேரண்ட்ல ஒரே ஸ்பிரிங்தான் போல்ட்டையும் முன்னாடி தள்ளுது, தோட்டாக்களையும் மேலே தூக்குது. அது தளர்ந்தா தோட்டா மேலே வரலை, அதனால கிளிப் கெட்டுப்போச்சு, தூக்குற பாகம் கெட்டுப்போச்சுன்னு மாத்திக்கிட்டே இருப்பீங்க. நோய் ஓரிடம், வலி வேறிடம். அதே மாதிரி பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி கூடினா வாயு கசியும், போல்ட் முழுசா பின்னாடி போகாது. அப்போ காலி உறை சோம்பலா பக்கத்துலயே விழும், அடுத்த தோட்டாவை அள்ளாமலே போல்ட் மூடும். உறை எங்கே விழுதுன்னு பார்க்கிறது எனக்கு லாக் படிக்கிற மாதிரியே தோணுது.

ரொம்பப் பிடிச்ச சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. துப்பாக்கி காலியா இருக்குன்னு உறுதி பண்ணி, ஸ்பிரிங்கை மட்டும் கழட்டிட்டு மத்ததை மாட்டி, முனையை மேலே கீழே சாய்க்கணும். கம்பியும் போல்ட்டும் தன் எடையிலேயே வழுக்கித் திறந்து மூடணும். எங்கேயாவது தயங்கினா, அங்கே வளைஞ்சிருக்கு அல்லது உரசுது. ஸ்பிரிங் இருக்கிற வரைக்கும் அந்தத் தயக்கத்தை அது மறைச்சுக்கிட்டே இருக்கும்.

ஏழாவது தோட்டா கதையோட மிச்சத்தைச் சொல்லலையே. கட்டர் வேலையைத் திருத்தினாங்க. ஏற்கெனவே வெளியே போன ரிசீவர்களை என்ன பண்றது? தூக்கிப் போடலை. உள்ளே அந்த விளிம்புல வெல்டிங் வெச்சு உலோகத்தை ஏத்தி, மறுபடி கடைஞ்சு திருப்பி அனுப்பினாங்க. ஆரம்ப கால எம்1 ஒண்ணு கையில கிடைச்சா, விஷயம் தெரிஞ்சவங்க இன்னைக்கும் முதல்ல டார்ச் அடிச்சுப் பார்க்கிற இடம் அந்த வெல்டிங் தழும்புதான்.