அரபி படித்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்று
(பெற்றோர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



ஹிஃப்ளு ஓதுவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. முப்பது ஜுஸ்உவும் நெஞ்சில் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்று கையில் இருக்காது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைக்கும். கல்லூரிக் கதவு திறக்காது.

இதற்கு வழி இருக்கிறது. மத்திய அரசு 1989-ல் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிரம்பிய பிள்ளை வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும். அரபியும் அதில் ஒரு பாடம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மனப்பாடம் மட்டும் இந்தத் தேர்வுக்குப் போதாது. வாசித்துப் பொருள் சொல்லவும் பிழையின்றி எழுதவும் வேண்டும். உஸ்தாதுமார்கள் இலக்கணப் பயிற்சி தர வேண்டும். இரண்டு, அந்த ஐந்தில் மொழிப்பாடம் இரண்டுக்கு மேல் கூடாது. அரபியும் தமிழும் எடுத்தால் ஆங்கிலத்துக்கு இடமில்லை. பிள்ளை மேலே என்ன படிக்கப் போகிறது என்று யோசித்து முடிவெடுங்கள்.

தேர்வு ஆண்டுக்கு இருமுறை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டாம். வேலைக்குப் போகும் பையனும், படிப்பை நிறுத்திய பெண்பிள்ளையும் ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம்.

தேர்வு மையத்தை அவர்களே ஒதுக்குவார்கள். படிவம் நிரப்புவதையும் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துச் செல்வதையும் டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ். ஆதாரும் பிறப்புச் சான்றும் எடுத்து வாருங்கள். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.