வீடு திரும்பிய பின்பு
(சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு ஆராதனையில் மிஷன் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரை)



 முதுகுத்தண்டிலும் தலையிலும் காயப்பட்டவர்களைக் குறித்துப் பேசும்படி ஆயர் ஐயா கேட்டுக்கொண்டார்கள்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரனை நாம் எல்லாரும் அறிவோம். நாலு பேர் கூரையைப் பிரித்து அவனை இறக்கியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். வார்டில் வேலை செய்கிற எனக்கு வேறொரு கேள்வி வரும். அந்த நாள்வரை அவனைப் புரட்டிப் படுக்கவைத்தது யார்? கழுவிவிட்டது யார்? வேதம் அதைச் சொல்லவில்லை. ஆனால் யாரோ செய்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கூரைவரைக்கும் அவன் வந்திருக்கமாட்டான்.

மரத்திலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் சிக்கியவர் என்று நம்மிடம் வருகிறார்கள். தண்டுவடம் அறுந்தால் கால் மாத்திரமல்ல, உணர்ச்சியும் போய்விடுகிறது. நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வலிக்கும், அசைந்துகொள்வோம். அவருக்கு வலிக்காது. எலும்பு அழுத்துகிற இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, படுக்கைப்புண் வருகிறது. மூத்திரப்பை தானாகக் காலியாகாமல் சிறுநீரகம் கெடுகிறது. பலரைக் கொல்லுவது விழுந்த விழுகை அல்ல, இந்த இரண்டும்தான்.

இதற்கு மருந்து என்ன? 1944ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன், போரில் காயப்பட்ட சிப்பாய்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் செய்தார். 1972ல் டாக்டர் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்கர் சொன்னது இன்னும் எளிது: கிருமி நீக்கிய கருவி வேண்டாம், கையையும் டியூபையும் சுத்தமாகக் கழுவி, நோயாளி தாமே நாளுக்குச் சில தடவை மூத்திரத்தை எடுத்துவிட்டால் போதும். நமது கிராமத்து வீடுகளுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஆராய்ச்சிகளும் வேண்டியவைதான். தலைக்காயத்துக்கு வெகுகாலம் ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். பத்தாயிரம் பேரைச் சேர்த்துச் செய்த ஆராய்ச்சி 2004ல் வெளிவந்தபோது, அதனால் மரணம் கூடுகிறது என்று தெரிந்தது. நல்லெண்ணம் மாத்திரம் போதாது, எண்ணிப் பார்க்கவும் வேண்டும். தண்டுவடத்தில் மின்தூண்டல் கொடுத்துச் சிலரை அடியெடுத்து வைக்கச் செய்திருக்கிறார்கள். சந்தோஷம். அது எல்லாருக்கும் வந்து சேரும்வரை நம்முடையவர்கள் புண்ணில்லாமல் உயிரோடிருக்கவேண்டுமே!

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவை மூத்தவர்கள் அறிவார்கள். 1954ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1986ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இப்போது எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன். வார்டில் மூன்று மாதம் புண்ணில்லாமல் பார்த்துக்கொண்டவர், வீட்டுக்குப் போய் ஆறு மாதத்தில் முதுகில் குழியோடு திரும்புகிறார். கட்டை நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். புரட்டிவிட மனைவி இருக்கிறாள், ஆனால் அவள் கூலிக்குப் போகவேண்டும். ஆகையால் புதிய கட்டடத்துக்காக நாங்கள் வரவில்லை. வீடு வீடாகப் போக ஒரு நர்ஸம்மாவின் சம்பளம், பெட்ரோல், சக்கர நாற்காலிக்கு நல்ல மெத்தை, டியூப்கள் — இவ்வளவே. பெயர்ப்பலகை மாட்ட இதில் இடமில்லை, மன்னிக்கவும்.

வாலிபருக்கு ஒரு விண்ணப்பம். கீழே விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்து, பலகையில் நேராகக் கிடத்தி, 108க்குச் சொல்லுங்கள்.

வாசலண்டை மேஜையில் ஒரு மெத்தையும் சாதாரண மரப்பலகையும் வைத்திருக்கிறோம். போகும்போது இரண்டிலும் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். காணிக்கைக் கவர்கள் பக்கத்தில் இருக்கின்றன.