வினாவும் விடையும்: பயணியின் இத்தாலிய மொழிப் பயிற்சி

   

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரின் தொடர்வண்டி நிலையம். சியேனா நகருக்குச் செல்ல விரும்பும் பயணி ஒருவர் பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் முன் நிற்கிறார். மூன்று திங்களாகச் சொற்றொடர்க் கையேடு ஒன்றை மனப்பாடம் செய்தவர் அவர். "புவோன்ஜோர்னோ! ச்செ உன் த்ரேனோ பெர் சியேனா?" என்று வினவுகிறார். 'வணக்கம், சியேனாவுக்கு வண்டி உண்டா?' என்பது பொருள். ஒலிப்பு நன்று, இலக்கணமும் நன்று. இடர் விளைவதும் அதனாலேயே. இவர் மொழி அறிந்தவர் என்று நம்பிய அலுவலர் மழையெனச் சொற்களைப் பொழிகிறார். பயணி திகைக்கிறார், கையேட்டைப் புரட்டுகிறார். அதில் வினாக்கள் உண்டு, விடைகள் இல்லை. பின்னால் வரிசை நீள்கிறது. முகம் கன்ற, நன்றி என்னும் பொருளுடைய "கிராட்சியே" என்ற சொல்லை முணுமுணுத்துவிட்டு விலகிவிடுகிறார்.

வண்டியைத் தவறவிட்டது சிறிய இழப்பே. அடுத்த வண்டி வரும். ஆனால் அந்தச் சாளரத்தின் முன் வாய் திறக்கும் துணிவையும் அவர் தவறவிட்டுவிட்டார். அது எளிதில் திரும்பி வருவதில்லை.

பயணச் சொற்றொடர்களைக் கற்பிக்கும் நூல்களின் குறை இங்கேதான் இருக்கிறது. உரையாடல் என்பது இருவர் செயல். கையேடோ ஒருவருக்கு மட்டுமே பயிற்சி தருகிறது.

எட்டு விடைகள்

பவணந்தி முனிவர் இக்குறைக்கு ஆளாகவில்லை. வினா ஆறு வகை என்று வகுத்த நன்னூல், விடை எட்டு வகை என்றும் வகுத்தது. வினாவைவிட விடை விரிவானது என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டுள்ளது. அந்த எட்டையும் புளோரன்சு நகரத்துச் சாளரத்தின் முன் நிறுத்திப் பார்த்தால் வியப்பு மிகும்.

சியேனாவுக்கு வண்டி உண்டா என்ற வினாவுக்கு அலுவலர் "பினாரியோ சின்க்வே" எனலாம். ஐந்தாம் நடைமேடை என்று காட்டுவதால் இது சுட்டு. "நோ" எனின் மறை. "ஸீ" எனின் நேர். "அஸ்பெத்தி", அதாவது 'பொறுங்கள்', எனின் ஏவல். "அந்தாத்தா எ ரித்தோர்னோ?" என்று அவர் திருப்பிக் கேட்கலாம். 'போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா?' என்பது பொருள். நன்னூலார் கருதிய நுண்பொருளில் அன்றாயினும், இதனை வினா எதிர் வினாதல் என்று கொள்ளலாம். "எ ஜா பர்தீத்தோ" என்றால் வண்டி முன்பே சென்றுவிட்டது. இது உற்றது உரைத்தல். "தொமானி ச்செ ஷோப்பெரோ" என்றால் நாளை வேலைநிறுத்தம். இது உறுவது கூறல். "ச்செ லாவுத்தோபுஸ்" என்றால் பேருந்து உண்டு. வண்டியைக் கேட்டவருக்கு அதன் இனமாகிய பேருந்தைக் காட்டுவதால் இது இனமொழி.

இவ்வெட்டையும் எட்டு அட்டைகளில் எழுதிக் கவிழ்த்து வைத்தால் ஓர் ஆட்டம் பிறந்துவிடும். ஒருவர் வினவ, மற்றவர் ஓர் அட்டையை எடுத்து அதன்படி விடை கூறவேண்டும். வினவியவர் விடைக்கேற்ப நடந்துகாட்ட வேண்டும்: ஐந்தாம் மேடைக்கு நடக்கவேண்டும், அல்லது பொறுத்து நிற்கவேண்டும், அல்லது பேருந்தைத் தேடவேண்டும். எந்த விடை வருமென்று எவருக்கும் தெரியாது. சாளரத்தின் முன் நிற்கும் நிலையும் அதுவே. ஆட்டத்தில் திகைத்தால் சிரிப்பு எழும், வெட்கம் எழாது.

இத்தாலியரும் கற்ற இத்தாலியம்

பிற நாட்டார்க்கு மட்டுமன்று, இத்தாலியர்க்கே இத்தாலியம் ஒரு காலத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய மொழியாக இருந்தது. 1861ஆம் ஆண்டு நாடு ஒன்றுபட்டபோது மக்கள் வீட்டில் பேசியவை வெனிசு, நேப்பிள்சு, சிசிலி எனப் பகுதிக்கொரு மொழி. அந்நாளில் பொது மொழியைப் பேச வல்லோர் நூற்றுக்கு 2.5 பேரே என்று மொழியியல் அறிஞர் துல்லியோ தே மவ்ரோ கணக்கிட்டார். அக்கணக்கு குறைவு என்று மறுத்தோரும் சிறுபான்மை என்பதை மறுக்கவில்லை.

நூறாண்டு கழிந்தும் எழுத்தறியாப் பெரியோர் மிகுதியாக இருந்தனர். அவர்களுக்காக 1960 முதல் 1968 வரை இத்தாலியத் தொலைக்காட்சியில் ஆசிரியர் அல்பெர்த்தோ மன்சி பாடம் நடத்தினார். பெரிய தாளில் கரிக்கோலால் ஒரு கோடு இழுப்பார். இன்னொரு கோடு இழுப்பார். வருவது வீடா, மரமா, பறவையா என்று காண்போர் ஊகித்துக்கொண்டிருக்கையிலேயே படம் முழுமை பெறும். அதன் அருகே சொல் வந்து அமரும். இதுவும் ஒரு விளையாட்டே. உழவரும் தொழிலாளரும் முதியோரும் இவ்வாறு எழுத்தறிந்தனர். அந்நிகழ்ச்சியின் பெயர் 'ஒருபோதும் காலம் கடந்துவிடுவதில்லை' என்பதாகும்.

பெருங்கவிஞர் தாந்தே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் மொழி குறித்து இலத்தீனில் எழுதிய நூலில், விதி எதுவுமின்றிச் செவிலியைப் பின்பற்றிக் குழந்தை பெறும் மொழியையே உயர்ந்ததென்று போற்றினார். செவிலி இலக்கணம் நடத்துவதில்லை. விளையாட்டுக் காட்டுகிறாள், கதை சொல்கிறாள். வளர்ந்தோர் இழந்தது அந்தச் செவிலியை. ஆட்டமும் கதையும் அவளை மீட்டுத் தருகின்றன.

ஆட்டங்கள்

பயணிக்கு முதலில் வேண்டுவன எண்கள். விலை, நேரம், நடைமேடை, அறை, பேருந்து ஆகிய அனைத்தும் எண்களே. இத்தாலியக் குடும்பங்கள் கிறித்துமசு நாள்களில் ஆடும் தோம்பொலா இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பையிலிருந்து 1 முதல் 90 வரையுள்ள எண்களுள் ஒன்றை எடுத்து ஒருவர் உரக்கக் கூறுவார். ஒவ்வோர் அட்டையிலும் 15 எண்கள். கூறிய எண் தம் அட்டையில் இருப்பின் அதன்மேல் அவரை விதையையோ ஆரஞ்சுத் தோலையோ வைப்பர். கேட்டவுடன் அறியாதார் தோற்பர். செவி கூர்மை பெறுவதற்கு வேறு பயிற்சி வேண்டியதில்லை.

நேப்பிள்சு மக்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருளும் வைத்துள்ளனர். 25 கிறித்துமசு, 33 கிறித்துவின் அகவை, 48 பேசும் பிணம், 90 அச்சம். எண்ணைக் கூறுவோர் பொருளையும் சேர்த்துக் கூறுவர். எண்ணுக்குக் கதை கிடைத்துவிட்டால் மறதி அதனை எளிதில் தீண்டுவதில்லை.

மோர்ரா என்பது இன்னும் பழைய ஆட்டம். இருவர் ஒரே நொடியில் விரல்களை நீட்டி, இருவர் விரல்களின் கூட்டுத்தொகையை முன்கூட்டியே ஊகித்துக் கூவவேண்டும். ஆட்டம் சூடேறிக் கைகலப்பில் முடிவதுண்டு என்பதால் பொது இடங்களில் இதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. கற்போர் கைகலக்க வேண்டியதில்லை, கூவினால் போதும். தயங்கித் தயங்கி எண்ணும் நா, இவ்வாட்டத்தில் பத்தே நிமிடத்தில் தயக்கம் நீங்கிவிடும்.

இத்தாலியத்தில் தமிழர்க்கு ஒரு பிறவிப் பேறும் உண்டு. 'நோனோ' என்றால் ஒன்பதாவது. 'நொன்னோ' என்றால் பாட்டன். ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். ஐரோப்பியர் பலர் இவ்வேறுபாட்டில் இடறுவர். இலைக்கும் இல்லைக்கும் வேறுபாடு அறிந்து வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று. மரியாதை வழக்கும் அத்தகையதே. சிறுவனிடம் 'ஸ்கூஸா' என்றும் பெரியவரிடம் 'ஸ்கூஸி' என்றும் பொறுத்தருளக் கேட்பது, நீ, நீங்கள் என்னும் வேறுபாடு அறிந்தவர்க்கு இயல்பாக வரும். உலகெங்கும் பரவிய 'ச்சாவ்' என்ற வாழ்த்துச் சொல், வெனிசு மொழியில் அடிமை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. வைணவர் நாவில் வழங்கும் 'அடியேன்' என்பதற்கு அது தொலைதூர உறவு.

கதைகள்

எந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பதை ஆட்டத்தைவிடக் கதை நன்கு கற்பிக்கும். ஓர்த்தா ஏரிக்கரையில் 1920இல் பிறந்த எழுத்தாளர் ஜான்னி ரொதாரி, 1962இல் 'தொலைபேசிக் கதைகள்' என்னும் நூலை வெளியிட்டார். வரேசே நகரத்துப் பியான்கி என்பவர் மருந்து விற்பனையின் பொருட்டு வாரத்தில் ஆறு நாள் ஊர் ஊராகச் செல்பவர். இரவு ஒன்பது மணிக்கு மகளைத் தொலைபேசியில் அழைத்து ஒரு கதை கூறுவார். கட்டணம் அவருடையது என்பதால் கதைகள் மிகச் சிறியவை. தொலைபேசி நிலையத்துப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுச் செவிமடுப்பராம். பயணி ஒருவர் கூறும், பயணி ஒருவர் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய கதைகள் அவை.

அவரே 1973இல் வெளியிட்ட 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலில் ஓர் உத்தியைக் காட்டினார். தொடர்பற்ற இரு சொற்களை எடுத்து அருகருகே வைத்தால் கதை பிறக்கும் என்றார். நாயும் நிலைப்பேழையும் அவர் தந்த எடுத்துக்காட்டு. பயணிக்காகப் பூனையையும் பெட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். 'இல் கத்தோ கோன் லா வலீஜா': பெட்டியுடன் பூனை. 'லா வலீஜா தெல் கத்தோ': பூனையினது பெட்டி. 'இல் கத்தோ சுல்லா வலீஜா': பெட்டியின்மேல் பூனை. 'இல் கத்தோ நெல்லா வலீஜா': பெட்டியினுள் பூனை. தமிழில் உருபுகளும் சொல்லுருபுகளும் செய்யும் பணியை இத்தாலியத்தில் முன்னிடைச் சொற்கள் செய்கின்றன என்பதை எந்த வாய்பாடும் இவ்வளவு இனிமையாக உணர்த்தாது. பூனை ஏன் பெட்டியினுள் சென்றது என்று கேட்டவுடனே கதை தொடங்கிவிடும்.

கதையின் மற்றொரு பேறு, பிழையை உறவாக்கிக்கொள்வது. ஆங்கிலம் அறிந்த ஒருவர் விடுதியில் குளிர்நீர் வேண்டிக் குழாய்களைப் பார்க்கிறார். ஒன்றில் ஆங்கில 'சி' எழுத்து. 'கோல்டு' என்று துணிந்து திறக்கிறார்; கை வெந்துபோகிறது. அவ்வெழுத்து 'கால்தோ' என்பதன் முதலெழுத்து; அதற்கு வெப்பம் என்று பொருள். அலறியடித்து வந்தவர், வரவேற்பாளரிடம் தம் 'கேமரா' பழுது என்று ஆங்கிலத்தை நம்பிக் கூறியிருந்தால், அவர் படக்கருவியைத் தேடியிருக்க மாட்டார். இத்தாலியத்தில் 'காமெரா' என்றால் அறை. இம்முறை மட்டும் பிழை சரியாகிவிடுகிறது! இத்தகைய சிறுகதை ஒன்றைக் கேட்டவர் அவ்விரு சொற்களையும் மறப்பதில்லை.

ரொதாரி 1964இல் 'பிழைகளின் நூல்' என்றே ஒன்றை எழுதினார். பிழையும் அழகாகலாம் என்பதற்குப் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை அவர் சான்று காட்டினார். தமிழ் இலக்கணமும் வழு என்று கூறி நிறுத்திவிடவில்லை. வழுவமைதி என்றும் ஒரு வாயில் வைத்தது. பிழையின்றிப் பேசவேண்டும் என்னும் அச்சம் கற்றோரிடமே மிகுதி. அவ்வச்சம் அவர்களை ஊமையராக்கிவிடுகிறது.

ஊமையாக இருத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். பெல்லெக்ரினோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் திருத்தலத்திற்கு அவர்களுள் இந்துக்களும் ஏறிச் சென்று வழிபடுகின்றனர். வந்து இறங்கிய அன்று அவர்களுக்கு வேண்டியவையும் இதே பயணச் சொற்றொடர்கள்தாம். ஆனால் மருத்துவர் முன் நின்று 'மி ஃபா மாலே க்வி', 'இங்கே வலிக்கிறது', என்று கூறவேண்டிய தாய்க்கு அது சுற்றுலாச் சொற்றொடர் அன்று. 'எத்தனை நாளாக?' என்று மருத்துவர் திருப்பிக் கேட்பது புரியவில்லையெனில் அவர் கூறியதும் பாதியாகவே நின்றுவிடும்.

இத்தாலியர் தந்த தமிழ்க் கதை

கதை வழியே மொழி கற்கும் இவ்வழி தமிழர்க்கு ஓர் இத்தாலியரால் முன்பே அறிமுகமானது. கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். தமிழ் கற்க வந்த அயலார்க்குப் பேச்சு வழக்கைக் காட்டவே அவர் அதனை எழுதினார் என்பர் அறிஞர். 1822இல் அது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. காப்பியம் பாட வல்ல புலவர், கற்போர் சிரிக்கவேண்டும் என்பதற்காக மட்டியையும் மடையனையும் படைத்தார்.

அக்கதையில் ஆற்றைக் கடந்த சீடர் தம்மை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுகிறான். ஒருவர் குறைகிறார் என்று அழுகின்றனர். சொற்றொடர்க் கையேட்டுடன் செல்லும் பயணி அவர்களுக்கு நேர் எதிர். அவர் தம்மை மட்டும் எண்ணிக்கொள்கிறார். எதிரே நின்று விடை கூறுபவரை விட்டுவிடுகிறார். இரு கணக்கும் பிழையே.

ஆட்டத்துக்கு எதிராளி வேண்டும். கதைக்குக் கேட்பவர் வேண்டும். அவ்விரண்டின் வழியே கற்றவர் சாளரத்தின் முன் நிற்கும்போது, எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அறிந்தே நிற்பார். விடை முழுவதும் புரியாவிடினும், "ஸ்கூஸி, பியூ பியானோ, பெர் ஃபவோரே", 'பொறுத்தருள்க, சற்று மெல்ல' என்று புன்னகையுடன் கேட்பார். அலுவலர் மெல்லக் கூறுவார். சியேனா வண்டி ஐந்தாம் மேடையில் நிற்கும்.

மன்சி நடத்திய நிகழ்ச்சியின் பெயரே இவ்வுரைக்கு முடிவாகட்டும்: ஒருபோதும் காலம் கடந்துவிடுவதில்லை.