மரப்பட்டையில் ஒரு பாடம்



எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சினிமா தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும். பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். வானொலியையும் விடவில்லை, தினமும் சில நிமிடங்கள் பேசச் சொன்னது!

பாடம் வந்துவிட்டது. ஆனால் 'சுற்றுச்சூழல் மாசு, ஐந்து மதிப்பெண்' என்று மனப்பாடம் செய்தால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது.

செலவில்லாத பாடம் ஒன்று சொல்லட்டுமா? மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்குமே, அது நோய் இல்லை. பாசியும் பூஞ்சையும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன். அதற்கு வேர் கிடையாது. தண்ணீரையும் சத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்றில் கந்தக டை ஆக்சைடு கூடினால் பல வகை லைக்கன்கள் தாக்குப்பிடிக்காது.

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு லென்ஸைக் கொடுங்கள். ரோட்டோர மரத்திலும் ஊருக்கு வெளியே தோப்பிலும் எத்தனை வகை என்று எண்ணி வரட்டும். ஒரே இன மரமாக இருக்கட்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். நோட்டில் எழுதுவதற்கு ஆசிரியர் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்காது.